கொக்குகளின் நாலாவது கிண்ணம்

தம்பி தமிழோ? அப்பவே நினைச்சனான். ரிக்கற்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிண்ட நிலையிலையே தெரிஞ்சுது. உங்கடை கதவு மூண்டாம் நம்பர், அந்தப் பக்கம். இப்ப போய் என்ன செய்யப்போறியள், மட்ச் துவங்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. உள்ளை குளிர். இஞ்சாலை வாங்கோ, இந்தச் சுவரை ஒருக்காப் பார்த்திட்டுப் போனியளெண்டால்தான் உள்ளை என்ன நடக்குதெண்டு விளங்கும். இந்தச் சுவருக்குப் பொறுப்பு நான்தான். இராசகுலசிங்கம். வெள்ளையளின்ரை வாய்க்குள்ளை அது நுழையாது, ராஜா எண்டுதான் கூப்பிடுவினம். கெல்மோரிலை ராஜா எண்டால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லேல்லை.

பார்மசிக்கு வேலைக்கு வந்த பிள்ளையோ? நல்லது. இந்த ஊரிலை மருந்து விக்கலாம், வீடு வாங்கலாம், என்னவும் செய்யலாம், ஆனால் ஹொக்கி தெரியாட்டி உங்களோடை ஒருத்தரும் ரெண்டு வார்த்தை கதைக்க மாட்டினம். நான் பட்டிருக்கிறன், அதாலை சொல்லுறன்.

இந்த முதல் படத்தைப் பாருங்கோ. கடதாசி மில்லிலை வேலை செய்த ஆக்கள். ஆறு உறைஞ்சு கிடக்கேக்கை அதுக்கு மேலை விளையாடித் துவங்கினவை. முழங்காலுக்குக் கவசம் வாங்க வழியில்லை, பழைய சஞ்சிகையளை மடிச்சுக் காலோடை கட்டியிருக்கினம், வடிவாய்ப் பாருங்கோ, தெரியும். ஆத்தங்கரையிலை கொக்கு நிறைய நிக்கும், அதாலை ஹெரன்ஸ் எண்டு பேர். நானும் மனுசியும் எங்களுக்குள்ளை கொக்குகள் எண்டுதான் சொல்லுறது. பிறகு சம்பளத்துக்கு விளையாடுற கிளப்பாய் வந்திட்டுது. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழை. கீழை எண்டு நான் சொன்னன் எண்டு வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ.

இது முதல் கிண்ணம். நடுவிலை நிக்கிறவர்தான் கோலி, கோல் காக்கிறவர். முகத்திலை தையல் பார்த்தியளோ? அந்தக் காலம் முகமூடி கிடையாது. ரப்பர் வட்டு, பக் எண்டு சொல்லுறது, அது கல்லு மாதிரி வந்து மூஞ்சையிலை அடிக்கும். தைச்சுப்போட்டு வந்து திரும்பவும் நிப்பாராம். இது ரெண்டாவது கிண்ணம். இது, இதுதான் எனக்கு விருப்பமான படம்: பனி பாரம் தாங்காமல் கூரை இடிஞ்சு விழுந்த வருசம். மைதானம் இல்லை. கிளப்பை மூடுங்கோ எண்டு லீக் சொல்ல, இவையள் திரும்பவும் ஆத்துக்குப் போட்டினம். அந்த சீசன் முழுக்க ஆத்திலைதான் மட்ச். வெளியூர் ரீம் எல்லாம் காத்துக்குள்ளை நிண்டு விறைச்சுப் போனாங்கள். மூண்டாவது கிண்ணம் அப்பிடி வந்தது. உலகத்திலை வேறை எந்தக் கிளப்பும் அப்பிடி வெண்டிருக்காதெண்டு நான் நினைக்கிறன்.

அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. முப்பது வருசத்துக்கு மேலை ஒரு கிண்ணமும் இல்லை. அந்தப் பஞ்சத்துக்குள்ளைதான் நான் வந்து சேர்ந்தனான். மில்லிலை வேலை. சாப்பாட்டு நேரம் ஒரு மூலையிலை தனிய இருப்பன். ஒருநாள் போர்மன் வந்து கையிலை ஒரு ரிக்கற்றைத் தந்தான். போய்ப் பார்த்தன், ஒரு மண்ணும் விளங்கேல்லை, ஆனால் கோல் விழேக்கை பக்கத்திலை இருந்த கிழவன் என்னைக் கட்டிப்பிடிச்சான். இந்த நாட்டுக்கு வந்து அதுவரைக்கும் என்னை ஒருத்தரும் தொட்டதில்லை, தம்பி. மற்றநாள் மில்லிலை எல்லாரும் என்னோடை கதைச்சினம். அண்டையிலை இருந்து நான் கொக்குக்காரன்.

பிறகு மில்லை மூடினாங்கள். சனம் பாதி ஊரை விட்டுப் போட்டுது. மிஞ்சினது கிளப் ஒண்டுதான். அதுக்கும் ஒரு முதலாளி வந்து, இந்த வருசம் கிண்ணம் வெல்லாட்டி கிளப்பை அமெரிக்காவிலை ஒரு சூடான ஊருக்குக் கொண்டுபோறன் எண்டு பேப்பரிலையே சொல்லிப்போட்டான். பனியே விழாத ஊர்.

அந்த வருசம்தான் எங்கடை வீட்டுக்குக் கீழை இருக்கிற பேஸ்மென்ருக்கு ஒரு பெடியன் வாடகைக்கு வந்தவன். மாரெக். ஸ்லோவாக்கியாப் பெடியன், கொக்கின்ரை புதுக் கோலி. மனுசி மாரி எண்டு கூப்பிடுவா. மனுசியின்ரை பேர் பவளராணி. அவ சமைச்சால் மேலை கீழை எண்டு பார்க்க மாட்டா, எல்லாருக்கும் போகும். பிளேஓஃப், அதுதான் கிண்ணத்துக்கான கடைசிக் கட்ட மட்ச், துவங்கின அண்டு அவன் பசியோடை படியேறி வர, அடுப்பிலை நிண்ட புட்டையும் முட்டைப் பொரியலையும் சம்பலையும் போட்டுக் குடுத்தா. அண்டைக்கு அவன் ஒரு கோலும் விடேல்லை.

ஹொக்கிக்காரரைப் பற்றி ஒண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ. சகுனம் பார்க்கிறதிலை எங்கடை ஆக்களிலும் மோசம். பிளேஓஃப் துவங்கினால் தாடி வழிக்க மாட்டாங்கள். வெண்ட அண்டு எந்தக் காலுக்கு முதல் சப்பாத்துப் போட்டானோ, பிறகும் அந்தக் காலுக்குத்தான் முதல். கோலியெண்டால் இன்னும் விசர். மட்ச் நாளிலை ஒருத்தரோடையும் கதைக்க மாட்டான். ஆக, புட்டு எண்டால் புட்டுத்தான். பவளராணியின்ரை கையாலைதான் வேணும். ஒருநாள் அவவுக்குக் காய்ச்சல், அவன் கடையிலை போய் என்னவோ சாப்பிட்டான், அண்டைக்குத் தோத்துது. கதை முடிஞ்சுது. மற்றநாள் கோச் எங்கடை வீட்டு வாசலிலை தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறார், அம்மா, தயவுசெய்து, மட்ச் நாளிலை மட்டும் எண்டு. பேப்பரிலை வந்தது. சனம் கடையிலை அவவைக் கண்டால் கை குடுக்கும். மேயர் எனக்கே கை குடுத்தவர். கோலுக்குப் பின்பக்கம் ரெண்டு கதிரையும் கிளப் தந்தது, ஏனெண்டால் அவ அதிலை இருக்கிறதைக் கண்டால்தான் மாரிக்கு மனம் ஆறும்.

இறுதிப்போட்டி ஏழு மட்ச். நாலு வெண்டவனுக்குக் கிண்ணம். மூண்டுக்கு மூண்டு. கடைசி மட்ச் எங்கடை ஊரிலை.

அண்டு காலமை நான் பல்லு மினுக்கிக்கொண்டு நிக்கிறன், என்ரை போன் அடிக்குது. ஊரிலை, கொக்குவிலிலை இருந்து சுதர்சன். மனுசியின்ரை தமையன்ரை மகன். குரலிலையே விளங்கிப்போட்டுது. 'மாமா, அப்பா மோசம் போட்டார். மாமிக்கு நேரை சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் பக்குவமாய்ச் சொல்லுங்கோ.'

பக்குவமாய் எண்டுதானே சொன்னவன். அதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

பவளராணி தகப்பன் இல்லாத பிள்ளை. தமையன்தான் தோளிலை தூக்கி வளர்த்தவர். இவவுக்குக் கலியாணம் முடியும் வரைக்கும் தான் கட்டமாட்டன் எண்டு நிண்ட மனுசன். எனக்கும் கண் கலங்கினது, பொய் சொல்லேல்லை. ஆனால் நான் என்ன செய்ய? சொன்னனெண்டால் அவ விழுந்துபோவா. செத்தவீட்டுச் சேதி கேட்ட கையோடை குசினிப் பக்கம் போவாவோ? புட்டு இல்லை. கதிரையிலை ஆளும் இல்லை. மாரி கலங்குவான், ரீம் தோக்கும், கிளப் போகும், ஊர் போகும். ஒரு ஊரே எங்கடை வீட்டுக் குசினியைப் பார்த்துக்கொண்டு நிண்டது, தம்பி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தன். மட்ச் ராவிலை முடியேக்கை அங்கை விடிஞ்சிருக்கும். கிரியை துவங்க முதல் அவவுக்குச் சொல்லி, வீடியோவிலை தமையன்ரை முகத்தையும் காட்டிப்போடலாம். ஒருத்தருக்கும் ஒரு நட்டமுமில்லை. நீங்களெண்டாலும் அதைத்தான் செய்திருப்பியள்.

அவவின்ரை போனை நைசாய் எடுத்து நிப்பாட்டி, என்ரை சேட்டுக்களுக்குக் கீழை வைச்சன். வீட்டுப் போன் வயரைக் கழட்டினன். ஸ்காபரோவிலை இருந்து மகள் ஆரணி எனக்கு எடுத்தாள், அவளுக்குச் சேதி போயிட்டுது. 'அப்பா, அம்மாட்டைச் சொல்லீட்டியளோ?' சொல்லீட்டன், அழுதுபோட்டு இப்பதான் படுத்தவ, எழுப்பாதை எண்டன். அவள் உடனை காரை எடுத்துக்கொண்டு வாறன் எண்டாள். அம்மா தனிய இருக்க விரும்புறா, நாளைக்கு வா எண்டன். அந்தப் பக்கம் குசினிக்குள்ளை இருந்து இவ, 'ஆரப்பா போனிலை?' எண்டு கேக்கிறா. கிளப்பிலை இருந்து எண்டு சொன்னன்.

பின்னேரம் மா குழைச்சுக்கொண்டு நிண்டவ சொல்லுறா, 'என்ரை போன் எங்கை? அண்ணைக்கு ஒருக்கா எடுக்கவேணும். இண்டைக்குக் கடைசி மட்ச் எண்டு அவருக்குத் தெரியும். கும்பிடச் சொல்லவேணும்.'

அந்த மனுசனுக்கும் கொக்குப் பைத்தியம் பிடிச்சிருந்தது, அதைச் சொல்ல மறந்துபோனன். ஐஸைக் கண்ணாலை கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மட்ச்சுக்குப் பிறகும் இவ எடுத்துச் சொல்லவேணும், கொக்கு வெண்டதோ தோத்ததோ எண்டு. அதாலைதான் சொல்லுறன், நான் செய்தது அவருக்கும் சம்மதமாய்த்தான் இருந்திருக்கும்.

நான் சொன்னன், 'இப்ப அங்கை சாமம். மனுசன் நித்திரை கொள்ளட்டும். வெண்டாப்பிறகு எடுத்துச் சொல்லுவம்.'

'ஓம், அதுவும் சரிதான்' எண்டா. எண்டுபோட்டுக் குழலை அடுப்பிலை வைச்சா. புட்டு அவிஞ்ச வாசம் வீடு முழுக்க. மாரி வந்து பேசாமல் இருந்து சாப்பிட்டான். அவவும் அவனோடை பேசேல்லை, மட்ச் நாளெண்டபடியாலை. தலையிலை ஒருக்காத் தடவிவிட்டா. நான் தண்ணிக் கோப்பையைத் தூக்கினன், தண்ணி மேசையெல்லாம் ஊத்துப்பட்டுது. 'உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம், பெடியனே பயப்பிடேல்லை' எண்டு சிரிச்சா.

மட்ச் துவங்கிச்சு. நாங்கள் ஒரு கோல், அவங்கள் ஒரு கோல். மூண்டு பாதியும் முடிஞ்சுது. மூண்டு பாதி எண்டால் என்ன எண்டு சிரிக்காதையுங்கோ, ஹொக்கியிலை மூண்டு பகுதி. ஒண்டுக்கு ஒண்டு. பத்து மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும் எண்டுதானே நான் கணக்குப் போட்டது. பிளேஓஃபிலை சமநிலை கிடையாது, தம்பி. ஓவர்ரைம். ஒருத்தன் கோல் போடும் வரைக்கும் விளையாடவேணும். எவ்வளவு நேரமெண்டாலும். முதல் ஓவர்ரைம் முடிஞ்சுது, கோல் இல்லை. ரெண்டாவது துவங்குது. என்ரை காற்சட்டைப் பைக்குள்ளை போன் நடுங்குது, நிக்குது, திரும்ப நடுங்குது. பக்கத்திலை இவ மாரியிலை இருந்து கண்ணை எடுக்காமல் முணுமுணுத்துக்கொண்டு இருக்கிறா. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தவவாம். அப்பவாவது சொல்லியிருக்கலாமே எண்டு மகள் பிறகு கேட்டாள். எப்பிடிச் சொல்லுறது? ஒரு கோலிலை எல்லாம் முடிஞ்சுபோற நேரத்திலை எப்பிடிச் சொல்லுறது, நீங்களே சொல்லுங்கோ.

ரெண்டாவது ஓவர்ரைமும் முடிய நான் கக்கூசுக்குப் போய்க் கதவைப் பூட்டிப்போட்டுப் போனை எடுத்தன். அங்கை பறை கேக்குது. சுதர்சன் அழுதபடி, 'மாமா, மாமியை ஒருக்காக் காட்டுங்கோ. ஐயர் முடிச்சிட்டார். பெட்டி மூடப்போறம். மாமி முகம் பார்க்காமல் எப்பிடி மூடுறது?' நேரம் தள்ளி வைக்கேலாதோ எண்டு கேட்டன். வெயிலுக்கை வைச்சிருக்கேலாது மாமா எண்டான். அந்த நேரம் பார்த்து இஞ்சை ரீம் திரும்ப ஐஸுக்கு வர ஹோர்ண் அடிக்குது, சனம் கத்துது. 'அதென்ன சத்தம் மாமா?' ஆஸ்பத்திரியிலை நிக்கிறன், மாமி மயங்கிப்போட்டா, ஊசி போட்டுப் படுக்க வைச்சிருக்கினம் எண்டன். பெடியன் அப்பிடியே அடங்கிப்போனான். 'மாமியைக் கவனமாய்ப் பாருங்கோ மாமா. ஒரு அரை மணித்தியாலம் வைச்சிருக்கிறம். எழும்பினாவெண்டால் எடுங்கோ.'

திரும்பி வந்தால் இவ எனக்குப் பேசுறா. 'எங்கை போனனீங்கள்? உங்கடை கதிரை வெறுமையாய்க் கிடக்கிறதை அவன் ரெண்டுதரம் திரும்பிப் பார்த்திட்டான்.' வாயைத் திறந்தன். சத்தியமாய்த் திறந்தனான். மூண்டாவது ஓவர்ரைமுக்கு விசில் ஊதிப்போட்டாங்கள்.

அந்த அரை மணித்தியாலம் மாதிரி ஒரு அரை மணித்தியாலத்தை நான் பிறகு காணேல்லை. நான் மணிக்கூட்டையும் பார்க்கிறன், கோலையும் பார்க்கிறன். அவங்கடை ஆள் ஒருத்தன் தனிய வந்திட்டான், மாரி காலாலை தடுத்தான். திரும்ப வந்தான், கையாலை பிடிச்சான். கடவுளே ஒரு கோல், ஆர் போட்டாலும் சரி, ஒரு கோல் விழட்டும் எண்டு கும்பிட்டன். கொக்கு தோத்தாலும் பரவாயில்லை எண்டு அந்த ஒரு நிமிசம் நினைச்சிருப்பன். இதை நான் வேறை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. பிறகு எங்கடை பெடியன் ஒருத்தன் அந்தப் பக்கத்து மூலையிலை இருந்து அடிச்சான். வலை அசைஞ்சுது. கூரை பிய்ஞ்சு போற மாதிரிச் சத்தம்.

நாலாவது கிண்ணம். கிளப் இஞ்சையே நிக்கும் எண்டு முதலாளி ஐஸிலை நிண்டு சொன்னான். கிழவங்கள் குழந்தை மாதிரி அழுதாங்கள். மாரி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரை எங்கடை பக்கம்தான் சறுக்கி வந்தவன்.

அவ்வளவு சந்தோசமாய் நிக்கிற மனுசியிட்டை அப்ப சொல்லலாமோ? அங்கையும் எல்லாம் முடிஞ்சிருக்கும். படுத்து எழும்பட்டும், காலமை தேத்தண்ணியைக் குடுத்துப்போட்டுப் பக்குவமாய்ச் சொல்லுவம் எண்டு இருந்தன். சொல்லத்தான் இருந்தனான். அவ அவசரப்பட்டிட்டா. நான் எழும்ப முதலே எழும்பி, சலவைக்கு உடுப்பெடுக்கப் போனவ சேட்டுக்களுக்குக் கீழை போனைக் கண்டிட்டா. கண்ட உடனை கொக்குவிலுக்கு எடுத்திட்டா. நான் படியிலை இறங்கேக்கை கேக்குது, 'சுதர்சனே, அப்பாட்டைக் குடு, கொக்கு வெண்டிட்டுது.'

அங்காலை அவன் எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். நான் குசினி வாசலிலை நிக்கிறன். அவ நிலத்திலை இருந்திட்டா. என்னைப் பார்த்து ஒண்டே ஒண்டுதான் கேட்டா. 'நான் எந்த ஆஸ்பத்திரியிலை கிடந்தனான்?'

கத்தியிருந்தாலும் பரவாயில்லை. மாரி காலமைச் சாப்பாட்டுக்கு மேலை வந்தவன். விசயம் விளங்கினதும் கதவடியிலையே நிண்டு அழுதான். அண்டு பின்னேரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போட்டான், எனக்கு முகம் குடுக்கேல்லை. இப்ப வேறை ரீமிலை. நண்டி கெட்ட பெடியன் எண்டு சொல்லமாட்டன், ஆனால் யோசிச்சுப் பாருங்கோ, ஆருக்காக நான் அவ்வளவும் பட்டனான்?

மனுசி முப்பத்தோராம் நாள் மகள் வீட்டிலை தமையன்ரை அந்தியேட்டிக் கிரியைக்குச் சமையல் செய்து படைச்சுப்போட்டு அங்கையே நிண்டிட்டா. ரெண்டு வருசமாகுது. வீடு வெறிச்சோடிக் கிடக்கு. புட்டுக் குழல் வைச்ச இடத்திலையே இருக்கு, எனக்கு அவிக்கத் தெரியாது. கோபம் எண்டால் ஒரு அளவு இருக்கத்தானே வேணும். சுதர்சனும் அவங்களும் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், அதை ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

வாங்கோ, கடைசிப் படத்தைப் பார்ப்பம், இதுதான் இந்தச் சுவரிலையே பெரிசு. அந்தக் கோல் விழுந்த நிமிசம் எடுத்தது. பேப்பர் எல்லாத்திலையும் வந்தது. இது பவளராணி. ரெண்டு கையையும் மேலை தூக்கி, வாய் நிறையச் சிரிச்சுக்கொண்டு. பக்கத்திலை வெளிறிப்போய் நிக்கிறது நான். அந்த நிமிசம்தான் அங்கை சுதர்சன் பெட்டியை மூடினவனாம், மகள் நேரம் பார்த்துச் சொன்னாள். அவ மகளிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறா, அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லு, கழட்டின அண்டைக்கு நான் வீட்டை வாறன் எண்டு. கிளப் மனேச்சரும் சொல்லிப்போட்டார், ராஜா, அது உன்ரை விருப்பம், சாவி உன்னட்டைத்தானே எண்டு. சாவி என்னட்டைத்தான், இந்தா. ஆனால் தம்பி, சரித்திரத்தைக் கழட்டேலுமோ? நாளைக்குச் சனம் வந்து, நாலாவது கிண்ணம் எப்பிடி வந்தது எண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?

அவவுக்கு விளங்கேல்லை, வந்து ஒருக்காப் பார்த்தாவெண்டால் விளங்கும். எவ்வளவு வடிவாய் இருக்கிறா பாருங்கோ. கலியாணப் படத்திலை கூட இப்பிடிச் சிரிக்கேல்லை.

இந்தாங்கோ என்ரை போன். நான் இதுக்குப் பக்கத்திலை நிக்கிறன், ஒரு படம் எடுத்துவிடுங்கோ. அவவும் நானும் ரெண்டுபேரும் விழவேணும். மகளுக்கு அனுப்பிவிட்டால் அவள் தாய்க்குக் காட்டுவாள்.